நிலவறை வளைவுக்கூரை: செங்கல்லைப் பார்த்து வயதைச் சொல்ல முடியுமா?

வேப்பமரம் எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு சின்னச் சந்தை ஊரில் பழைய வீடு ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்கு அடியில் செங்கல் வளைவுக்கூரையோடு ஒரு நிலவறை இருக்கிறது. அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இரண்டாம் தரம். குறிப்பில் முகப்பு 18ஆம் நூற்றாண்டு, பின்பகுதி அதற்கும் முந்தையது என்று இருக்கிறது. நிலவறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாங்கும்போது வந்த சர்வேயர் இரண்டு நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "விக்டோரியா காலம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ அது துறவிகள் மடத்துக்குப் போன சுரங்கத்தின் மிச்சம் என்கிறார். இரண்டுக்கும் நடுவே முந்நூறு நானூறு வருடம் இடைவெளி இருக்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அறை 4.3 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம். பக்கச் சுவர்கள் இடுப்புயரம் வரை சக்கிமுக்கிக் கல்லும் செங்கல்லும் கலந்து கட்டியவை. அதற்கு மேல் முழுவதும் செங்கல் வளைவு. உச்சியில் 1.9 மீட்டர். என் கணவர் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும்.

---

கணக்கர் எழுதியது:

அளவு இல்லாமல் பேச முடியாது, தோழி. செங்கல்லின் கனத்தை, அதாவது தடிமனை, அளந்து போடுங்கள். அதுதான் முதல் படி.

பொதுவாக இங்கிலாந்தில் பழைய கல் மெல்லியது, புதிய கல் தடித்தது. டியூடர் காலத்தில், ஏறக்குறைய 16ஆம் நூற்றாண்டில், கல் 2 அங்குலம், சில இடங்களில் அதைவிடக் கொஞ்சம் கூட. 1571இல் லண்டன் ஓடு, செங்கல் வேலைக்காரர்களின் சங்கம் கனம் 2¼ அங்குலம் என்று அளவை நிர்ணயித்தது. அப்புறம் மெதுவாக 2½ ஆனது. 1784இல் செங்கல்லுக்கு வரி வந்தது, ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். எண்ணிக்கைக்குத்தான் வரி என்பதால் பெரிய கல்லாக அறுத்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். மீஷம் என்ற ஊரில் ஜோசப் வில்க்ஸ் என்பவர் சாதாரணக் கல்லைப் போல இரண்டு மடங்கு பெரிய கல்லையே போட்டார். 1803இல் 150 கன அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லுக்கு இரட்டை வரி என்று அரசு அதை அடைத்தது. 1850இல் வரியே போய்விட்டது.

ஆக, 2 அங்குலம் என்றால் 16, 17ஆம் நூற்றாண்டு. 3 அங்குலத்தை நெருங்கினால் வரிக்குப் பிந்தையது.

---

சாந்துக்கரண்டி எழுதியது:

கணக்கர் சொன்ன வரலாறு சரி. ஆனால் அந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இருபது வருடமாக இங்கே பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை செய்கிறேன். 1571 அளவு லண்டனையும் அதன் சுற்றுவட்டாரத்தையும்தான் கட்டுப்படுத்தியது. நார்ஃபோக்கில் மண் வெட்டியவருக்கு அவருடைய அச்சுதான் சட்டம். வரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 10 × 5 × 3 அங்குலம் போட்டால்தான் 150 கன அங்குலம் வருகிறது. சாதாரணக் கல் எதுவும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. வடக்கே வரிக்கு முன்பே தடித்த கல் உண்டு. தெற்கே வரிக்குப் பிறகும் மெல்லிய கல் உண்டு.

அளப்பதற்கும் முறை இருக்கிறது. ஒரே ஒரு கல்லை அளந்து போடாதீர்கள். பத்துக் கல்லாவது நீளம், அகலம், கனம் மூன்றையும் எடுத்துச் சராசரி போடுங்கள். கூடவே நான்கு வரிசையைச் சாந்தோடு சேர்த்து மொத்த உயரம் எடுங்கள். அந்த நான்கு வரிசை உயரத்தில் கொத்தனாரின் கையே தெரியும். சுவரில் தனியாக, வளைவில் தனியாக, கடைச்சுவரில் (அறையின் கோடியில் வளைவு முடியும் சுவர்) தனியாக எடுக்க வேண்டும்.

பிறகு சாந்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள், கரித்துகள் தெரிகிறதா? நகம் இறங்காமல் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கிறதா? முன்னது சுண்ணாம்புச் சாந்து, பின்னது சிமெண்ட். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை எடுத்தது 1824இல்தான்.

---

காளவாய் எழுதியது:

என் அப்பா காளவாய் வைத்து நடத்தியவர். நான் பத்து வயதிலேயே பச்சைக்கல் (இன்னும் வேகாத கல்) திருப்பிப் போட்டவன். அதனால் ஒன்று சொல்கிறேன். ஒரே அச்சில், ஒரே நாளில் அறுத்த கல்லும் வெந்து வரும்போது ஒரே அளவில் இருக்காது. காய்வதிலும் வேகுவதிலும் மண் சுருங்கும். நெருப்புக்குப் பக்கத்தில் அடுக்கியது நன்றாகச் சுருங்கிக் கறுத்து, சில நேரம் கண்ணாடி மாதிரி பளபளப்போடு வரும். ஓரத்தில் இருந்தது வேகாமல் பெரிதாக, வெளிறி நிற்கும். கனத்தில் நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். நிறத்தை வைத்தும் வயது சொல்ல வராது. மண்ணில் இரும்பு இருந்தால் சிவப்பு, சுண்ணாம்பு கூடினால் வெளிர் மஞ்சள்.

அளவைவிட முகத்தைப் பாருங்கள். கையால் மண்ணை அச்சில் எறிந்து அடித்த கல்லில் தோல் சுருக்கம் மாதிரி மடிப்புகள் இருக்கும். அடிப்பக்கத்தில் புல், வைக்கோல் பதிந்திருக்கும், பச்சையாக அதன்மேல்தானே காயவைப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கியதால் பக்கவாட்டில் சரிந்த கோடாக ஓர் அழுத்தத் தடம் விழும். இயந்திரத்தில் பிதுக்கிக் கம்பியால் அறுத்த கல்லில் இதெல்லாம் இருக்காது. அதில் ஒரே பக்கமாக ஓடும் மெல்லிய கம்பிக் கீறல்தான் இருக்கும். அது 19ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து பரவியது.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள் அம்மா. சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மடிப்பும் தடமும் நிழலோடு எழுந்து நிற்கும்.

---

வேப்பமரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க நிலவறையில்தான் இருந்தேன்.

வளைவில் பன்னிரண்டு கல் அளந்தேன். சராசரி 226 × 109 × 52 மி.மீ. மிக மெல்லியது 48, மிகத் தடித்தது 56. நான்கு வரிசை 260 மி.மீ., அதாவது பத்தேகால் அங்குலம். பக்கச் சுவரில் சக்கிமுக்கிக்கு நடுவே இருக்கும் கற்களும் ஏறக்குறைய அதே அளவுதான், 53 கனம். கடைச்சுவரும் அப்படித்தான்.

சாந்து மென்மை. நகம் இறங்குகிறது. வெள்ளைக் கட்டிகள் நிறைய, அரிசி அளவிலும் துவரம்பருப்பு அளவிலும். கரித்துகளும் உண்டு.

காளவாய் ஐயா சொன்ன மாதிரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். வெறும் சிவப்பாக இருந்த சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாக எழுந்தது. ஒரு கல்லில் நான்கு விரல் பதிந்த பள்ளம்! பச்சைக்கல்லை யாரோ தூக்கியபோது பட்டது. என் விரலை வைத்துப் பார்த்தேன், என் கையைவிடச் சின்னக் கை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

---

கணக்கர் எழுதியது:

52 மி.மீ. என்றால் 2 அங்குலத்துக்குத் துளி மேல். கையால் அறுத்த கல், சுண்ணாம்புச் சாந்து, சுவரும் வளைவும் ஒரே அளவு. எல்லாம் ஒரே காலம்தான். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, அதிகம் போனால் 1650. சர்வேயர் சொன்னது தவறு. வாழ்த்துகள்!

---

பழங்கல் எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள் கணக்கரே. கல் 1600ஐ ஒட்டியது என்பதை நானும் ஏற்கிறேன். வளைவு 1600ஐ ஒட்டியது என்பதற்கு இதுவரை ஒரு சான்றும் வரவில்லை.

செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயக் கோபுரத்தை நினைத்துப் பாருங்கள். 1077இல் தொடங்கிய நார்மன் கட்டடம். அதன் செங்கற்களோ பக்கத்தில் பாழடைந்து கிடந்த வெருலேமியம் என்ற ரோம நகரத்திலிருந்து பெயர்த்து எடுத்தவை. கல்லை மட்டும் பார்த்து வயது சொன்னால் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் பிசகிவிடும். செங்கல் விலையுள்ள பொருள். இடித்த வீட்டின் கல்லை யாரும் வீசியதில்லை. மேலே நல்ல கல்லை வைத்து முகப்பு கட்டுவார்கள், பழைய கல்லை யார் கண்ணிலும் படாத இடத்தில் போடுவார்கள். நிலவறையைவிடக் கண்ணில் படாத இடம் எது?

நிலவறையும் வீடும் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் நார்ஃபோக்கின் நார்விச் நகரில் வளைவுக்கூரை போட்ட செங்கல் நிலவறைகள் ஏராளம். பல 14, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1507இல் அங்கே பெரும் தீ விபத்து நடந்தது. மேலே மரவீடு எரிந்து போனாலும் கீழே செங்கல் வளைவு தாங்கும், அதன்மேலேயே புது வீடு எழும். அப்படிப்பட்ட இடத்தில் நிலவறை மூத்தது, வீடு இளையது. நேர்மாறாகவும் நடக்கும். பழைய அறைக்குப் பிற்காலத்தில் வளைவு போடுவார்கள்.

அதனால் என்ன வயது என்பதை அப்புறம் பார்ப்போம். எது எதற்கு மேல் உட்கார்ந்திருக்கிறது, எது எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். வளைவு தொடங்கும் இடத்தில் சுவரும் வளைவும் கோர்த்துக் கட்டியவையா, இல்லை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பவையா? கடைச்சுவரோடு வளைவு கோர்த்திருக்கிறதா, நேர்க்கோடாக இடைவெளி விழுந்திருக்கிறதா?

---

வேப்பமரம் எழுதியது:

பழங்கல் கேட்டதைப் பார்த்தேன். கடைச்சுவரில் வளைவு கோர்க்கவில்லை. விளிம்பு முழுக்க ஒரு நேர்க்கோடு, சில இடத்தில் கத்தி நுனி உள்ளே போகிறது. பக்கச் சுவரின் உச்சி கரடுமுரடாக இருக்கிறது, அதன்மேல் ஒரு வரிசை உடைந்த ஓடுகளைப் படுக்கவைத்து மட்டம் செய்துவிட்டு வளைவைத் தொடங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கிடைத்தது. இதைச் சொல்லவே மனமில்லை. உச்சிக்குச் சற்றுத் தள்ளி, தெருப்பக்கமாக ஒரு கல் பாதி உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் அதன் படுக்கைப் பக்கத்தில் குழி தெரிகிறது. அச்சில் போட்ட குழி, ஓரம் சாய்வாக இருக்கிறது. கனம் 66 மி.மீ.

---

ஓலைச்சுவடி எழுதியது:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். படுக்கைக் குழி போட்ட கல் 18ஆம் நூற்றாண்டுக்கு முன் அரிது, 19இல்தான் எங்கும் பரவியது. அப்படியானால் சர்வேயர் சொன்னதுதான் சரியோ? பழைய கல்லையும் புதுக்கல்லையும் கலந்து விக்டோரியா காலத்தில் போட்ட வளைவு?

---

சாந்துக்கரண்டி எழுதியது:

அந்த ஒரு கல் வளைவு கட்டும்போதே வைத்ததாக இருந்தால் ஓலைச்சுவடி சொல்வது சரி. ஒரு கட்டடத்தில் இருக்கும் மிக இளைய பொருள்தான் அதன் வயதுக்கு எல்லை போடும், அந்தப் பொருளுக்கு முன்பு கட்டடம் எழுந்திருக்க முடியாது. ஆனால் பிற்காலத்தில் ஒட்டுப்போட்டதாக இருந்தால் அந்தக் கல் அந்த ஒட்டின் வயதை மட்டும்தான் சொல்லும்.

வேப்பமரம், அந்தக் கல்லைச் சுற்றி இருக்கும் கற்களையும் அளந்து பாருங்கள். தெருப்பக்கம் என்கிறீர்கள், அதுதான் எனக்குச் சந்தேகம். சாந்து அங்கே மட்டும் வேறாக இருக்கிறதா? வளைவின் வரிசைகள் நேராக ஓடிவந்து அந்த இடத்தில் மட்டும் உடைகிறதா? வளைவு கட்டும்போது அடியில் பலகை வைத்துச் சென்ட்ரிங் போட்டிருப்பார்கள். பலகைக் கோடு சாந்தில் பதிந்திருக்கும். அந்தக் கோடு இந்த இடத்தில் தொடர்கிறதா?

---

வேப்பமரம் எழுதியது:

சாந்துக்கரண்டி அண்ணா, நீங்கள் நேரில் பார்த்த மாதிரியே கேட்டிருக்கிறீர்கள்.

தடித்த கற்கள் மொத்தம் பதினேழு. எல்லாம் ஒரே இடத்தில், ஏறக்குறைய 50 செ.மீ. சதுரத்துக்குள். அந்தச் சதுரத்துக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. அங்கே சாந்து சாம்பல் நிறம், நகம் இறங்கவில்லை. பலகைக் கோடுகள் அறையின் நீளத்துக்கு, ஒரு சாண் அகல இடைவெளியில் அழகாக ஓடுகின்றன. அந்தச் சதுரத்தின் விளிம்பில் நின்றுவிடுகின்றன, மறுபக்கம் மீண்டும் தொடங்குகின்றன. சதுரத்துக்கு நேர் கீழே தரை ஓடுகள் கறுத்திருக்கின்றன. துணியால் துடைத்தால் கரித்தூள் வருகிறது.

---

சாந்துக்கரண்டி எழுதியது:

நிலக்கரி கொட்டும் வாய். தெருவிலிருந்து வண்டிக்காரர் கரியை நேரே உள்ளே கொட்ட வளைவை உடைத்து ஓட்டை போட்டிருக்கிறார்கள். தேவை முடிந்ததும் குழிக்கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஆகச் சர்வேயர் பார்த்தது அந்த அடைப்பைத்தான் என்று நினைக்கிறேன், டார்ச் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதானே.

வளைவு அந்த ஓட்டைக்கு முந்தையது. அவ்வளவு இப்போது உறுதி.

---

ஓலைச்சுவடி எழுதியது:

என் அவசரத்தைத் திருத்தியதற்கு நன்றி. ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க முடியாதா? செங்கல் கடைசியாகச் சூடான காலத்தை ஒளியுமிழ்வு முறையில் அளக்கிறார்களே. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் இங்கிலாந்தின் பழைய செங்கல் கட்டடங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சாந்தில் இருக்கும் கரிக்குக் கார்பன் சோதனையும் செய்யலாம் அல்லவா?

---

பழங்கல் எழுதியது:

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒளியுமிழ்வு முறை அருமையானது. சூளையில் வேகும்போது களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணிகளில் சேர்ந்திருந்த கதிரியக்கச் சுமை அழிந்து பூஜ்யம் ஆகிவிடும். அன்றிலிருந்து மறுபடி சேர்வதை அளந்து வருடம் சொல்கிறார்கள். ஆனால் அது கல் வெந்த வருடம். இங்கே நம் சந்தேகமே இது பழைய கல்லை மறுபடி வைத்ததா என்பதுதான். ஆய்வுக்கூடம் 1600 என்று சொல்லும், நாமும் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறோம்.

கரித்துகளில் வேறு தொல்லை. விறகு வெட்டிய மரத்தின் வயதைத்தான் கார்பன் சொல்லும். முதிர்ந்த ஓக் மரத்தின் நடுப்பகுதி என்றால் அதிலேயே நூறு, இருநூறு வருடம் போய்விடும். சாந்தில் இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி அதைவிட நல்லது. சாந்து இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது, ஆகக் கட்டிய காலமே அதில் பதிகிறது. அதிலும் ஒரு சிக்கல். ஏறக்குறைய 1650க்கும் 1950க்கும் நடுவே கார்பன் அளவுகோலின் கோடு மேலும் கீழும் அலைந்து தட்டையாகிவிடுகிறது. அந்த முந்நூறு வருடத்துக்குள் எங்கே என்று பிரித்துச் சொல்ல வராது. நமக்கு வேண்டியதோ அந்த முந்நூறு வருடம்தான்.

இன்னொன்று, பட்டியலில் உள்ள கட்டடம். துளையிட்டு மாதிரி எடுப்பதானால் உள்ளாட்சித் திட்ட அலுவலகத்தைக் கேட்காமல் ஆணிகூட அடிக்காதீர்கள். அனுமதியில்லாமல் செய்வது சட்டப்படி குற்றம்.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. வளைவின் முதுகைப் பார்த்தீர்களா? கீழிருந்து வயிற்றுப் பக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மேல் அறையின் தரைப்பலகை ஏதாவது ஏற்கெனவே தளர்ந்திருக்கிறதா?

---

வேப்பமரம் எழுதியது:

இருக்கிறது. முன்னறையில் சுவரோரமாக ஒரு பலகை. மின்கம்பி இழுப்பதற்காக முன்பு யாரோ எடுத்துவிட்டு ஆணி அடிக்காமல் வைத்தது. ஞாயிறு காலை அதைத் தூக்கினோம்.

பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்பட்டு எதையும் முடிவு செய்யவில்லை.

பலகைக்கு அடியில் ஒரு கை ஆழத்தில் வளைவின் முதுகு தெரிகிறது. வளைவுக்கும் சுவருக்கும் நடுவே முக்கோணமாக விழும் பள்ளத்தை உடைந்த ஓடு, சக்கிமுக்கிச் சில்லு, சிப்பி ஓடு எல்லாம் போட்டுச் சுண்ணாம்புக் காரையால் நிரப்பியிருக்கிறார்கள். வளைவுக் கற்களின் முதுகுப் பக்கம் பலவற்றில் வெள்ளையடித்த தடம் இருக்கிறது! யார் கண்ணிலும் படாத பக்கத்தில் யார் வெள்ளையடிப்பார்கள்?

அப்புறம் சுவர். நிரப்பியிருக்கும் காரை ஓரிடத்தில் சுவரைவிட்டு ஒரு விரல் விலகியிருக்கிறது. அந்த இடுக்கில் கைப்பேசியின் விளக்கை இறக்கிப் பார்த்தேன். சுவரின் முகத்தில் வெள்ளைப்பூச்சு. அது வளைவுக்குப் பின்னால், கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது, வெளிச்சம் எட்டும் வரைக்கும். மேலே சுவரில் ஒரு சதுர ஓட்டை, பாதிக்கல் வைத்து அடைத்தது. ஒரு கை தள்ளி இன்னொன்று.

---

பழங்கல் எழுதியது:

வேப்பமரம், இது போதும். இதற்கு மேல் எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம்.

சுவரின் வெள்ளைப்பூச்சு வளைவுக்குப் பின்னால் தொடர்கிறது என்றால், அந்தச் சுவர் ஒரு காலத்தில் திறந்து கிடந்து, ஆட்கள் பார்த்துப் புழங்கிய முகம். வளைவு அப்போது இல்லை. அந்தச் சதுர ஓட்டைகள் மர உத்திரங்களின் முனை செருகிய பொந்துகள். முதலில் உங்கள் நிலவறைக்கு மரத்தால் ஆன சமதளக் கூரை. பிறகு உத்திரத்தைக் கழற்றிப் பொந்துகளை அடைத்து, உள்ளே வளைவைச் செருகினார்கள். அதனால்தான் அது கடைச்சுவரோடு கோர்க்காமல் நிற்கிறது, சுவரின் உச்சியை உடைந்த ஓட்டால் மட்டம் செய்ய வேண்டியிருந்தது. இடுப்புயரத்தில் மட்டும் சுவரின் உள்முகத்தைச் செதுக்கி வளைவின் அடிக்கு இடம் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வளைவின் கற்கள் அதே வீட்டில் இடித்த ஏதோ ஒரு சுவரிலிருந்து வந்தவை. வெள்ளைத் தடம் அதற்குச் சாட்சி. சுவரும் வளைவும் ஒரே அளவுக் கல்லாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

அந்த நிரப்பலில் வேறு ஏதாவது தெரிகிறதா? பீங்கான், கண்ணாடி, புகைக்குழாய்த் துண்டு? எதையும் பிடுங்காதீர்கள், பார்த்துச் சொன்னால் போதும்.

---

வேப்பமரம் எழுதியது:

வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் தண்டு ஒன்று இருக்கிறது! சுண்டுவிரல் நீளம்தான்.

---

பழங்கல் எழுதியது:

மேலே தூசியில் கிடக்கிறதா, காரைக்குள் பதிந்திருக்கிறதா? இது முக்கியம். தூசியில் கிடந்தால் பலகை இடுக்கு வழியாக எப்போது வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம்.

பதிந்திருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். உடைந்த முனையின் துளையில் டிரில் பிட்டின் பின்பக்கத்தை மெதுவாக விட்டுப் பாருங்கள். 1954இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் இப்படித்தான் நூற்றுக்கணக்கான தண்டுகளை அளந்தார். காலம் போகப் போகத் துளை சிறுத்துக்கொண்டே வந்ததைக் கண்டுபிடித்தார். 17ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்குலத்தில் 64இல் 8 பங்கு, 1680 முதல் 1710 வரை 6 பங்கு, 1710 முதல் 1750 வரை 5 பங்கு, அதற்குப் பிறகு 4. ஒரே ஒரு தண்டை வைத்து வருடம் சொல்லக்கூடாது, நிறையத் தண்டுகளின் சராசரிக்குத்தான் அந்தக் கணக்கு. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம்.

---

வேப்பமரம் எழுதியது:

பாதிக்கு மேல் காரைக்குள் புதைந்திருக்கிறது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. 2 மி.மீ. பிட் ஆட்டமில்லாமல் கச்சிதமாகப் போகிறது. 2.5 போகவில்லை.

---

கணக்கர் எழுதியது:

64இல் 5 பங்கு என்றால் 1.98 மி.மீ. 6 பங்கு 2.38. ஆக 5 பங்குதான், 1710 முதல் 1750 வரையிலான பக்கம். நான் சொன்ன 1650 வளைவுக்குப் பொருந்தாது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கல்லின் அளவு சுவருக்குச் சரியாக இருந்தது, அதே அளவை வளைவுக்கும் நீட்டியதுதான் என் பிழை.

மேல் எல்லை ஒன்று வேண்டும், அதாவது இதற்குப் பிறகு வளைவு கட்டியிருக்க முடியாது என்று காட்டும் ஒன்று. வளைவின்மேல் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா?

---

வேப்பமரம் எழுதியது:

முன்னறையின் கணப்படுப்பு! இதை எப்படி முன்பே யோசிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. பலகை எடுத்த இடத்திலிருந்து பார்த்தால் கணப்படுப்பின் அடித்தளம் நேரே வளைவின் முதுகின்மேல் நிற்கிறது. அதன் கல் 62 மி.மீ. கனம். பூச்சு உதிர்ந்த இடத்தில் பார்த்தால் அது முகப்புச் சுவரோடு பல் பல்லாகக் கோர்த்துக் கட்டியிருக்கிறது. முகப்பில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நீளக்கல், ஒரு தலைக்கல் என்று மாறி மாறி வருகிறது.

---

சாந்துக்கரண்டி எழுதியது:

அது ஃப்ளெமிஷ் கட்டு. லண்டனின் கியூ அரண்மனையில் 1631லேயே இருக்கிறது என்றாலும், ஊர்ப்புற வீட்டு முகப்புகளுக்கு அது 18ஆம் நூற்றாண்டில்தான் நாகரிகமாகப் பரவியது. உங்கள் பட்டியல் குறிப்போடும் ஒத்துப்போகிறது.

இப்போது வேலை நடந்த விதமே கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் யாரோ சக்கிமுக்கிச் சுவரும் மர உத்திரமுமாக ஒரு நிலவறை கட்டியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் வேறொருவர் முன்பக்கத்தை இடித்துப் புது முகப்பும் செங்கல் கணப்படுப்பும் போட நினைத்திருக்கிறார். அத்தனை கனத்தை மர உத்திரம் தாங்காது, அதனால் இடித்த முன்சுவரின் கல்லையே சுத்தம் செய்து கீழே வளைவாகப் போட்டிருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒரு வேண்டுகோள். சாந்து உதிர்ந்த இடங்களுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். அந்த விரல் பதிந்த கல் முதலில் போய்விடும். சுண்ணாம்புச் சாந்து மட்டும் போதும். அதையும் கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். கடைச்சுவரில் காற்றுத் துளை இருந்தால் அடைக்காமல் திறந்து வையுங்கள்.

---

காளவாய் எழுதியது:

அம்மா, அந்த விரல் பதிந்த கல்லுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எங்கள் காளவாயில் பச்சைக்கல் தூக்கியது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். சின்னக் கை என்றீர்கள். விரலுக்கும் விரலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்தால் எத்தனை வயதுப் பிள்ளை என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

---

வேப்பமரம் எழுதியது:

படம் போட்டிருக்கிறேன் ஐயா. நடுவிரல் அகலம் 11 மி.மீ. நான்கு விரலும் சேர்ந்து 47.

மாவட்டத் தொல்லியல் பதிவேட்டுக்கு எழுதினேன். வியாழக்கிழமை ஒருவர் வந்து பார்த்து அளவெடுப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பலகையை இன்னும் மூடவில்லை.

---

காளவாய் எழுதியது:

ஏழு, எட்டு வயது இருக்கும்.